போடி பக்கம் ஒரு ஷூ, பூப்பாறை பக்கம் ஒரு ஷூவா?

ட்ரெயில் ஷூ, அதாவது காடு மலைப் பாதையில ஓடுறதுக்கான ஷூ, எது வாங்கலாம்னு யாராச்சும் கேட்டா, போடிமெட்டு மலைக்கு இந்தப் பக்கம் ஓடுவீங்களா அந்தப் பக்கம் ஓடுவீங்களான்னு தான் நான் திருப்பிக் கேப்பேன். நம்ம தேனி பக்கத்து போடி, தேவாரம், கம்பம்லாம் மழை மறைவுல இருக்கு, ஜூன்ல ஆரம்பிக்கிற தென்மேற்கு மழை மொத்தத்தையும் இடுக்கிக்காரங்களுக்கு கொட்டிட்டு நமக்கு வெறும் காத்தும் கொஞ்சம் சாரலும் தான் அனுப்பும், நமக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகை தான். அதனால இங்க காலுக்கு கீழ சரளை, காஞ்ச பாறை, உடைமுள்ளு. அதே போடிமெட்டு 17 வளைவையும் ஏறி கேரளாவுல பூப்பாறை பக்கம் எறங்கிட்டா செம்மண் சேறு, பாசி புடிச்ச கல்லு, ஏலத்தோட்டத்துல மக்கிப்போன இலை, கூடவே அட்டை. ரெண்டுக்கும் நடுவுல பெரிய தூரம் ஒன்னும் இல்ல, ஆனா ஷூக்கு இது ரெண்டும் ரெண்டு நாடு.

மொதல்ல சாலமன் ஸ்பீட்கிராஸ். நம்ம பசங்க அதிகமா ஆசப்படுறது இத தான், அடியில 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அம்பு மாதிரி பல்லு பல்லா நிக்கும், பாக்கவே மெரட்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல நல்லா எடவெளி விட்டிருக்கறதால சேறு அப்புனாலும் நாலு எட்டு வச்சா உதுந்துரும், தேயிலை எஸ்டேட் பாதையில மழைக்காலத்துல ஓடுறவனுக்கு இது சரியான சாமான். எடவெளி கம்மியா இருக்கற ஷூல அந்த செம்மண்ணு பல்லு மறையற வரைக்கும் அப்பிக்கும், அப்புறம் ஆளுக்கு ஒரு கிலோ களிமண்ணு தூக்கிட்டு ஓடுற கதை தான், கிரிப்புன்னு ஒன்னு இருக்கவே இருக்காது. ஆனா இதே ஸ்பீட்கிராஸ மாட்டிக்கிட்டு போடியிலருந்து முந்தல் வரைக்கும் தார் ரோட்டுல ஓடிப் போயி அங்கருந்து ஏறலாம்னு நெனச்சீங்கன்னா அந்தப் பல்லெல்லாம் ரோட்டுலயே தேஞ்சு போயிரும், காஞ்ச பாறையிலயும் நீளமான பல்லு கல்லுல முழுசா பதியாது, நுனி மட்டும் தான் தொடும், கொஞ்சம் ஆடுற மாதிரியே இருக்கும். ஹீலுக்கும் முன்பாதத்துக்கும் 10 மில்லி ஒசர வித்தியாசம் வேற, இத ட்ராப்னு சொல்வாங்க, ரோட் ஷூ பழகுனவனுக்கு இது வசதி தான், கெண்டைக்கால் புடிக்காது.

அதோட லேஸ் பத்தியும் சொல்லிரணும். முடிச்சு கிடையாது, கெவ்லார் நூல இழுத்து க்ளிப்ப தள்ளுனா முடிஞ்சது. நல்லா இருக்கு, ஆனா சேறு காஞ்சு அந்த க்ளிப்புக்குள்ள ஏறிட்டா மல்லுக்கட்டணும், நூலு அறுந்தா பெட்டிக்கடையில அம்பது ரூவா லேஸ் வாங்கி கோத்துக்கிறதும் நடக்காத காரியம்.

ஹோக்கா ஸ்பீட்கோட் வேற ரகம். அமெரிக்கால 100 மைல் ரேஸ்களா ஜெயிச்சுத் தள்ளுன கார்ல் மெல்ட்சரோட பட்டப்பேரு அது, அதையே ஷூக்கு வச்சுட்டாங்க. மெத்து மெத்துன்னு தடிமனான குஷன், ட்ராப் 4, 5 மில்லி தான், அடியில விப்ரம் கம்பெனியோட மெகாகிரிப் ரப்பர். இந்த ரப்பர் தான் விஷயமே. பல்லு எவ்வளவு ஆழம்னு மட்டும் தான் எல்லாரும் பாக்குறாங்க, ஈரப்பாறையில பல்லு ஒன்னும் செய்யாது, ரப்பர் தான் புடிக்கணும். விப்ரம் ஆரம்பிச்சதே அப்படி ஒரு காரணத்துக்கு தான், இத்தாலிக்காரர் வித்தாலே பிரமானியோட மலையேறுற கூட்டாளிங்க 6 பேரு 1935ல ஆல்ப்ஸ்ல செத்துப் போனாங்க, செருப்பு சரியில்லாததும் அதுக்கு ஒரு காரணம்னு நெனச்சு அவரு ரப்பர் சோல்ல எறங்குனாரு, 1937ல டேங்க் சக்கரம் மாதிரி அச்சு வச்ச சோல் வந்துச்சு. பாசி புடிச்ச கல்லுல எந்த ரப்பரும் வழுக்கத்தான் செய்யும், அது வேற, ஆனா வெறும் ஈரமா இருக்கற பாறையில மெகாகிரிப்புக்கும் சாதா ரப்பருக்கும் வித்தியாசம் முதல் எட்டுலயே தெரிஞ்சிரும். சாஃப்ட்டா இருக்கறதால தார் ரோட்டுல சீக்கிரம் தேயும், அது தான் அதுக்கு குடுக்குற வெல.

ஸ்பீட்கோட்ல எனக்கு இருக்கற தயக்கம் ரெண்டு. ஒன்னு, சோல் அவ்வளவு ஒசரமா இருக்கறப்ப கணுக்கால் சுளுக்குறதுக்கு வாய்ப்பு கூட, குறிப்பா சரளை எறக்கத்துல. ரெண்டாவது முள்ளு. உடைமுள்ளு வெள்ளையா விரல் நீளத்துக்கு இருக்கும், ரப்பர்ல பல்லு இல்லாத எடமா பாத்து ஏறி உள்ள இருக்கற நுரையில போயி நிக்கும், குஷன் தடியா இருந்தா அன்னிக்கி ஒன்னும் தெரியாது, முள்ளு ஒடிஞ்சு உள்ளயே தங்கிரும், அப்புறம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி ஒரு நாள் இன்சோல் வழியா குத்தும் பாருங்க, ஷூவ கழட்டி விரல விட்டு தடவுனா எங்கயும் சிக்காது, போட்டு அமுக்குனா மட்டும் வெளிய வரும். அதனால தேவாரம், கோம்பை பக்கம் கரட்டுல ஓடுறவங்க நுரைக்கு நடுவுல கெட்டித் தகடு வச்ச ஷூவா பாருங்க, ராக் பிளேட்னு போட்டிருக்கும். முழுசா தடுக்காது, முக்கால்வாசி தடுக்கும்.

ஆல்ட்ரா லோன் பீக்ல ட்ராப்பே கிடையாது, ஹீலும் விரலும் ஒரே மட்டம். முன்னாடி விரலுக்கு எடம் தாராளம். சின்ன வயசுலருந்து செருப்பும் வெறுங்காலுமா திரிஞ்ச நம்ம காலு முன்பக்கம் விரிஞ்சு தான் இருக்கும், வெளிநாட்டு ஷூல பாதி விரல நெருக்கும், அந்த வகையில இது சொர்க்கம். ஆனா ரோட் ஷூலருந்து நேரா இதுக்கு தாவுனா கெண்டைக்காலும் குதிநரம்பும் பழி வாங்கிரும், மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா பழகணும். ரேஸுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப வாங்கவே வாங்காதீங்க.

காசு யோசிக்கறவங்க டெகத்லான் கடையோட சொந்த ட்ரெயில் ஷூவ பாருங்க, முன்னாடி எவாடிக்ட்ங்கற பேருல வந்துச்சு. மேல சொன்னதெல்லாம் பத்தாயிரத்த தாண்டி போற சங்கதி, இது அதுல பாதிக்கு உள்ளயே முடியும். ஈரப்பாறையில மெகாகிரிப் கூட போட்டி போடாது, சரளைக்கும் மண்ணுக்கும் தாராளம். கொச்சி போறவங்க களமசேரியில இருக்கற அவங்க கடையில போட்டுப் பாத்தே வாங்கலாம், சாயங்காலமா போங்க, கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், ஓடுற சாக்ஸ போட்டுக்கிட்டு குதிச்சுப் பாருங்க. எறக்கத்துல விரல் முன்னாடி இடிச்சா நகம் கருத்துரும், கட்டைவிரல் அகலத்துக்கு எடம் இருக்கணும்.

கோர்டெக்ஸ்ங்கற தண்ணி புகாத துணி வச்சது வாங்கலாமான்னு மழை ஆரம்பிச்சாலே கேக்குறாங்க. என்னைய கேட்டா வேணாம். வெளித் தண்ணிய தடுக்கும் தான், ஆனா ஓடையில கணுக்கால் அளவு எறங்குனா மேல வாய் வழியா உள்ள வந்த தண்ணி வெளிய போக வழி இல்லாம சளக் சளக்குன்னு கூடவே வரும், வெயில்ல வேர்வையும் அப்படித்தான். சாதா மெஷ், அதாவது வலைத்துணி, நனையும், ஓட ஓட வடிஞ்சிரும். பனி கொட்டுற ஊருக்கு செஞ்சத கம்பத்துல போட்டுக்கிட்டு என்ன பண்ண.

ஒரே ஜோடி தான் வாங்க முடியும், ரெண்டு பக்கமும் ஓடணும்னா பல்லு 4 மில்லி, ஒட்டுற ரப்பர், மெஷ், முன்னாடி விரலுக்கு கெட்டியான தடுப்பு, இந்த நாலும் இருக்கற எந்த கம்பெனி ஷூவா இருந்தாலும் சரி. முழு மழையில எஸ்டேட் பக்கம் மட்டும்னா ஸ்பீட்கிராஸ். குரங்கணி வழியா டாப் ஸ்டேஷன் ஏறலாம்னு இருக்கறவங்க ஷூவுக்கு முன்னாடி வனத்துறை பர்மிஷன பாருங்க, 2018 மார்ச்ல மலையேறப் போனவங்க சிக்குன அந்தக் காட்டுத்தீ ஞாபகம் இருக்கும்ல. அட்டைக்கு எந்த ஷூவும் மருந்து இல்ல, முழங்கால் வரைக்கும் நெருக்கமா நெய்த அட்டை சாக்ஸ் தனியா விக்குது, அத ஷூ சைஸ் பாக்குறப்பவே போட்டுப் பாத்துருங்க, அரை சைஸ் கூட கேக்கும்.