லினக்ஸ் கணினியில் இணையக் காணொளிச் சிக்கல்கள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பல ஆண்டுகளாக லினக்ஸையே முதன்மை இயங்குதளமாக வைத்திருக்கும் எனக்கு, “வீடியோ ஓடவில்லை” என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே கோளாறு அன்று என்பது மெல்ல மெல்லத்தான் தெளிவாயிற்று. காணொளி தொடங்கவே மறுப்பது, தொடங்கியபின் திணறுவது, கட்டணச் சேவைகளில் மட்டும் தடைபடுவது ஆகிய மூன்றுக்கும் காரணங்கள் தனித்தனியானவை. எது நேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை முனையத்தில் (டெர்மினல்) ஒட்டிக்கொண்டே போவதால், தீர்வு கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்பது தெரியாமல் போகிறது.

யூடியூப் நன்றாக ஓடுகிறது, ஆனால் வேறு தளங்களில் உள்ள காணொளிகள் பிழைச் செய்தியோடு நின்றுவிடுகின்றன என்றால், முதலில் கோடெக்கை, அதாவது காணொளியைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் முறையை, சந்தேகிக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி விபி9, ஏவி1 ஆகிய கோடெக்குகளுக்கான நிரல்களைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது, எச்.264 காணொளிக்கும் ஏஏசி ஒலிக்கும் மட்டும் கணினியில் நிறுவப்பட்டுள்ள எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் நூலகத்தை நாடுகிறது. காப்புரிமைச் சிக்கல் காரணமாகச் சில லினக்ஸ் வழங்கல்கள் (டிஸ்ட்ரோக்கள்) அந்த நூலகத்தை முழுமையாகத் தருவதில்லை. உபுண்டுவில் ‘உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்’ தொகுப்பும், ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற கூடுதல் மென்பொருள் களஞ்சியத்தின் எஃப்எஃப்எம்பெக்கும் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. உலாவியை மூடித் திறந்தால் போதும்.

திணறல்தான் உண்மையில் நேரத்தை விழுங்குவது. காணொளியின் மேல் வலச்சொடுக்கினால் யூடியூபில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்ற பலகை வரும். எந்தக் கோடெக் வருகிறது, எத்தனை பிரேம்கள் தவறவிடப்பட்டன என்பதை அது காட்டிவிடும். என் அனுபவத்தில் மற்ற எல்லாக் கருவிகளையும்விட முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இன்டெல்லின் ஆறாம் தலைமுறைச் செயலிகள் எச்.264ஐ வன்பொருளிலேயே விரித்துவிடும் (டீகோட் செய்துவிடும்). விபி9க்கு முழு ஆதரவு ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1க்குப் பதினொன்றாம் தலைமுறைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே பழைய மடிக்கணினியில் ஏவி1 வந்து சேரும்போது முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுகிறது, விசிறி இரைகிறது, பிரேம்கள் உதிர்கின்றன. இங்கே டிரைவரை எத்தனை முறை மாற்றி நிறுவினாலும் பயனில்லை. எச்264ஐஃபை என்ற உலாவி நீட்சி, எச்.264 வடிவத்தையே அனுப்புமாறு தளத்தைச் செய்துவிடுகிறது. 1080பிக்கு மேற்பட்ட தெளிவு பொதுவாகக் கிடைக்காது என்றாலும், பழைய திரைக்கு அது இழப்பே அல்ல என்பது என் கருத்து.

வன்பொருள் ஆதரவு இருந்தும் திணறினால், முனையத்தில் ‘விஏ-இன்ஃபோ’ (vainfo) கட்டளையை இயக்கிப் பார்க்கிறேன். கிராஃபிக்ஸ் டிரைவர் எந்தெந்தக் கோடெக்குகளை விரிக்க முன்வருகிறது என்ற பட்டியலை அது தரும். 2022இல் வெளிவந்த ஃபெடோரா 37 முதல், அவ்வழங்கலின் மெசா என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பில் எச்.264, எச்.265 ஆகியவற்றுக்கான வன்பொருள் முடுக்கம் நீக்கப்பட்டதால், ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ளவர்கள் அந்தப் பட்டியலில் அவற்றைக் காணமாட்டார்கள். ஆர்பிஎம் ஃபியூஷனின் ‘ஃப்ரீவேர்ல்ட்’ மாற்றுத் தொகுப்பு அவற்றைத் திரும்பக் கொண்டுவருகிறது. உலாவியை ஃபிளாட்பேக் என்ற தனித்தியங்கும் தொகுப்பு வடிவில் நிறுவியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது தன் சொந்த ரன்டைமிலுள்ள (இயக்கச் சூழலிலுள்ள) டிரைவரையும் நூலகங்களையும் பயன்படுத்துவதால், கணினியில் நாம் நிறுவும் தொகுப்பு அதன் கண்ணுக்கே படாது. அதே காணொளிக் கோப்பை எம்பிவி என்ற காணொளி பிளேயரில் ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை; அங்கே சீராக ஓடினால் டிரைவரை விட்டுவிட்டு உலாவியைத்தான் ஆராய வேண்டும்.

கட்டணச் சேவைகளுக்கு வைட்வைன் என்ற பாதுகாப்புக் கூறு தேவை. ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் டிஆர்எம் (நகலெடுப்புத் தடுப்பு) உள்ளடக்கத்துக்கு அனுமதி அளித்ததும் அது தானாக இறங்கிக்கொள்ளும். எனினும் மேசைக்கணினி லினக்ஸில் அது மென்பொருள் நிலைப் பாதுகாப்பை மட்டுமே தருவதால், பல சேவைகள் தெளிவைக் குறைத்தே அனுப்புகின்றன. பயனர் தம் பக்கத்தில் எதை மாற்றினாலும் இது மாறாது. பணம் செலுத்தியவருக்கு இயங்குதளத்தைக் காரணம் காட்டித் தரத்தைக் குறைப்பது நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன்.

2023 ஜூலையில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115, லினக்ஸில் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு வன்பொருள் விரிப்பை இயல்பாகவே இயக்கிவிட்டது. அதற்கு முன்பு உலாவியின் உள் அமைப்புகளுக்கான ‘அபௌட்:கான்ஃபிக்’ பக்கத்தில் நாம் மாற்றி வைத்த மதிப்புகளும், தொடக்கக் கோப்புகளில் எழுதிய சூழல் மாறிகளும் புதுப்பிப்புகளைத் தாண்டியும் அப்படியே தங்கியிருக்கும். எனவே புதிதாக ஒரு திணறலைக் கண்டால், இப்போதெல்லாம் முதலில் வெற்று உலாவிச் சுயவிவரம் (புரொஃபைல்) ஒன்றை உருவாக்கி அதில் ஓட்டிப் பார்க்கிறேன். அங்கே சிக்கல் தோன்றாவிட்டால், பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாக இயல்பு நிலைக்குத் திருப்புகிறேன்.