தருமபுரி டிவிடி கடையும் தாமஸ் மிட்செலின் ஐந்து படங்களும்

தருமபுரி நான்கு ரோடு பகுதியில் பழைய டிவிடிகளை வாடகைக்கும் விலைக்கும் தரும் சிறிய கடை ஒன்று இன்றும் நடந்து வருகிறது. அங்கே பழைய ஆங்கிலப் படங்களைக் கதாநாயகன் பெயரால் அல்லாமல் குணச்சித்திர நடிகர்களின் பெயரால் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஜான் வெய்னைத் தேடி வருபவருக்கு இது சற்று அலைச்சல்தான். ஆனால் வாழ்நாள் முழுவதும் துணை வேடங்களில் உழைத்த ஒரு நடிகரைத் தொடர்ச்சியாகப் பார்க்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை. நான் எடுத்து வந்தது, தாமஸ் மிட்செல் நடித்து 1939ஆம் ஆண்டில் வெளியான ஐந்து படங்களை ஒன்றாகச் சேர்த்த கட்டு.

அந்த ஐந்தின் பெயர்களைச் சொன்னாலே அவருடைய தகுதி விளங்கும். 'ஸ்டேஜ்கோச்' படத்தில் குடிகார மருத்துவர், 'கான் வித் தி விண்ட்' படத்தில் கதாநாயகியின் தந்தை ஜெரால்ட் ஓஹாரா, 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' படத்தில் பத்திரிகை நிருபர், 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்' படத்தில் பார்வை மங்கிவரும் விமானி, 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ரே டேம்' படத்தில் பிச்சைக்காரர்களின் தலைவன். அவ்வாண்டுப் படங்களுக்கான ஆஸ்கர் தேர்வில் சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட பத்தில் மூன்று படங்கள் இவர் நடித்தவை. ஒரே ஆண்டில் இத்தனை பெரிய படங்களில் இத்தனை வேறுபட்ட மனிதர்களாக வந்து, ஒருவரின் சாயல் மற்றவர் மீது படியாமல் நடித்ததுதான் என்னை வியக்க வைக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது 'ஸ்டேஜ்கோச்'. வாடகை பாக்கிக்காக வெளியேற்றும் வீட்டுக்காரியிடம் நாடக வசனத்தை முழங்கிவிட்டுப் புறப்படும் டாக்டர் பூன், வழியெல்லாம் சக பயணியான சாராய விற்பனையாளரின் மாதிரிப் பையைக் காலி செய்துகொண்டே வருகிறார். நடுவழியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டதும், கடுங்காப்பியை மேன்மேலும் கேட்டு வாங்கிக் குடித்துப் போதையைத் தெளிவித்துக்கொண்டு பிரசவம் பார்க்கிறார். இறுதிப் பகுதியில், துப்பாக்கியோடு வெளியே கிளம்பும் கொலைகாரனை மதுக்கடையில் மறித்து, அதை வைத்துவிட்டுப் போகும்படி சொல்கிறார். அவர் கையில் ஆயுதம் ஏதுமில்லை; குரலும் உயரவில்லை. அவன் போன பிறகு, இனிமேல் இப்படியொரு காரியத்தை என்னைச் செய்ய விடாதே என்று கடைக்காரரிடம் சொல்லும்போதுதான் அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பது நமக்குத் தெரிகிறது. 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரையும் 'தில்லானா மோகனாம்பாள்' தவில் வித்துவானையும் பார்த்து வளர்ந்த நமக்கு, டி. எஸ். பாலையாவிடம் கண்ட அதே வித்தையை இங்கேயும் இனம்காண முடியும்.

இந்த வேடத்துக்காகவே துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் துணை நடிகர்களுக்குச் சிலை தரப்படவில்லை, பலகை போன்ற ஒரு பட்டயமே தரப்பட்டது. 1943 வரை நீடித்த இந்தப் பாகுபாட்டை நினைத்தால் இன்றும் மனம் ஒப்பவில்லை. 1937இல் வெளியான 'தி ஹரிகேன்' படத்திலும், 'ஸ்டேஜ்கோச்' படத்தை இயக்கிய அதே ஜான் ஃபோர்டின் இயக்கத்தில் குடிக்கு ஆட்பட்ட மருத்துவராகவே நடித்துப் பரிந்துரை பெற்றிருந்தார் என்பதால், அந்தப் படமும் இந்தக் கட்டில் இருந்திருக்க வேண்டும். 1892இல் நியூ ஜெர்சியில் பிறந்து, நிருபராக வேலை பார்த்து, ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் பயின்று, நாற்பது வயதைக் கடந்த பிறகே ஹாலிவுட்டில் நிலைபெற்றவர் அவர். 1953இல் தொலைக்காட்சிக்கான எம்மி, மேடை நாடகத்துக்கான டோனி ஆகிய இரு விருதுகளையும் பெற்று, ஆஸ்கரோடு சேர்த்து மூன்றையும் வென்ற முதல் ஆண் நடிகரானார். 1962இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை, துப்பறியும் கொலம்போவாக மேடையில் நடித்துக்கொண்டிருந்தார்.

டிவிடிகளின் தரம் ஒரே சீராக இல்லை. 'மிஸ்டர் ஸ்மித்' தெளிவாக இருக்கிறது. 'ஹன்ச்பேக்' படத்தின் இரவுக் காட்சிகள் கருத்துப் போயிருப்பதால் முகபாவங்கள் பிடிபடவில்லை. ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும் 'கான் வித் தி விண்ட்' இரண்டு தட்டுகளாக வருகிறது. இரண்டாவது தட்டின் தொடக்கத்தில், மனம் பேதலித்த ஓஹாரா குதிரையிலிருந்து விழுந்து இறக்கும் இடத்தில் கீறல் இருந்தது. கடைக்காரரிடம் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் வேறு தட்டு எடுத்துக் கொடுத்தார். பெரிய குறை என்றால், 'ஒன்லி ஏஞ்சல்ஸ்' தட்டில் சப்டைட்டில் இல்லாததுதான். ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு ஏறிவரும் அந்தப் படத்தில், மரணப் படுக்கையில் மிட்செல் தணிந்த குரலில் பேசுவதைப் பலமுறை திருப்பிப் போட்டுத்தான் கேட்க முடிந்தது. அந்த ஒரு தட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகுமுன் கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். கேட்டால் அவர்கள் மறுப்பதில்லை.