பழைய கீபோர்டு, புதுக் கம்ப்யூட்டர்: நான்கு வழிகளில் எது?

பெங்களூரு சண்டே பஜாரில் 600 ரூபாய்க்கு ஒரு ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு வாங்கினேன். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். பின்பக்க லேபிளில் 1989 என்று இருக்கிறது. பழைய மிக்ஸி ஜார்களுக்கு நடுவே கிடந்தது. ஒரு விசையைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங் மடங்கி ‘டக்’ என்றது. அதற்குப் பிறகு பேரம்கூட ஒழுங்காகப் பேசவில்லை.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு உண்டு. ஒன்று, சித்தப்பா ஸ்ரீராமபுரத்தில் நடத்திய ஜாப் டைப்பிங் கடையை மூடியபோது கொடுத்த டிவிஎஸ் கோல்டு. ரயில்வே கவுண்டரிலும் டிடிபி கடையிலும் கேட்டிருப்பீர்களே, அதே சடசடப்பு. இன்னொன்று பெயரே இல்லாத பழைய கீபோர்டு. அதன் பிளக் பெரிய வட்டமாக, ஐந்து பின்னோடு இருக்கும்.

மூன்றையும் மாட்ட நான்கு வழிகளைப் பார்த்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பில் பிஎஸ்/2 போர்ட் (கீபோர்டு மாட்டும் பழைய சின்ன வட்டத் துளை) இருந்தால் வேறெதையும் தேடி அலைய வேண்டாம். லேப்டாப் என்றால் ப்ரோ மைக்ரோ என்ற குட்டி சர்க்யூட் போர்டை வைத்து, பழைய கீபோர்டின் சிக்னலை யுஎஸ்பிக்கு மாற்றும் கன்வர்ட்டரை நீங்களே செய்துகொள்ளுங்கள். மற்ற இரண்டையும், அதாவது கடைகளில் தரும் குட்டி பிளக்கையும் மலிவான கேபிளையும், நான் பொதுவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எதற்கு இவ்வளவு சிக்கல்? பிளக் பொருந்தினாலும் பேச்சு பொருந்தாமல் போவதுதான் காரணம். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் கீபோர்டு தன்பாட்டுக்கு எழுத்தை அனுப்பும், கம்ப்யூட்டர் சொல்வது எதையும் கேட்காது. இதை எக்ஸ்டி வகை என்பார்கள். 1984-இல் வந்த ஏடி வகை இருபக்கமும் பேசும். கேப்ஸ் லாக் விளக்கை எரியவிடு, அணை என்று கம்ப்யூட்டர் உத்தரவு போட முடிவது அதனால்தான். வம்பு என்னவென்றால் இரண்டுக்கும் அதே ஐந்து பின் பிளக். 1987-இல் பிஎஸ்/2 வந்தபோது பிளக் சிறுத்து ஆறு பின் ஆனது, பேச்சு மட்டும் ஏடியுடையதாகவே நின்றது. அப்புறம் வந்த யுஎஸ்பிக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எங்கள் அல்சூர் தெருவில் ஒரே வாசலில் நின்று தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசுவார்கள்; அங்கே சமாளித்துவிடலாம், கம்ப்யூட்டரில் அது நடக்காது.

அதனால்தான் பச்சை அல்லது ஊதா நிறத்தில் வரும் அந்தக் குட்டி பிளக் வேலைக்கு ஆகாது. பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். உள்ளே சிப் எதுவும் கிடையாது, வெறும் வயர் இணைப்பு. பிஎஸ்/2, யுஎஸ்பி இரண்டும் பேசத் தெரிந்த கீபோர்டுகளோடு டப்பாவில் கூடவே வந்த பொருள் அது. என்னுடைய மூன்றில் ஒன்றுகூட அதில் உயிர் பெறவில்லை.

மதர்போர்டின் பிஎஸ்/2 போர்ட் நேர் எதிர். மாட்டினால் முடிந்தது. விண்டோஸ் வருவதற்கு முன்னால் வரும் பயாஸ் திரையிலேயே வேலை செய்யும், டிரைவர் கேட்காது. இன்றும் பல டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் பாதி பச்சை, பாதி ஊதாவாக ஒரே ஒரு போர்ட் இருக்கிறது; பெட்டியின் பின்னால் குனிந்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை: யுஎஸ்பி போல ஓடும்போதே பிடுங்கி மாட்டக் கூடாது. மெஷினை அணைத்துவிட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் மதர்போர்டுக்கே சேதம் வரலாம். ஐந்து பின் பிளக் உள்ள ஏடி கீபோர்டுக்கு நடுவில் ஒரு சின்ன அடாப்டர் போதும். எக்ஸ்டி என்றால் எந்த அடாப்டர் போட்டாலும் இந்த வழியில் பயனில்லை.

அலுவலக லேப்டாப்பில் அந்த போர்ட் இல்லை. அதனால் எஸ்.பி. ரோட்டில் 180 ரூபாய்க்கு இரட்டைத் தலைக் கேபிள் ஒன்று வாங்கினேன். ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று. இதில் நிஜமாகவே சிப் இருக்கிறது, மொழிபெயர்க்கிறது. “நூறு பேருக்குக் கொடுத்திருக்கேண்ணா, ஒருத்தரும் திரும்பி வரல” என்றார் கடைக்காரர். டிவிஎஸ் கோல்டு உடனே வேலை செய்தது. மாடல் எம்மில்தான் கதை மாறியது.

நான் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் தட்டுபவன். அதில் க விசையை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகும். வேகமாகத் தட்டும்போது இந்தக் கேபிள் ஒரு தட்டை விழுங்கிவிடும். ‘அக்கா’ என்று அடித்தால் திரையில் ‘அகா’. ‘பக்கம்’ என்பது ‘பகம்’. ஆங்கிலத்தில் எழுத்து விட்டுப்போனால் சிவப்புக் கோடாவது வரும். தமிழில் அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. ஷிஃப்டை விட்ட பிறகும் அழுத்தியபடியே இருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு வரி கிரந்த எழுத்தாகக் கொட்டியதும் உண்டு. பழைய கீபோர்டுகள் மின்சாரமும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். மலிவான கேபிள் அங்கேயும் திணறலாம். டிவிஎஸ் கோல்டு மாதிரி ஓரளவு பிற்காலத்துக் கீபோர்டுக்கு, மெதுவாகத் தட்டுபவர் என்றால், இந்தக் கேபிள் போதும். அதற்குமேல் நம்ப வேண்டாம்.

கடைசியில் ப்ரோ மைக்ரோ. கட்டைவிரல் அகலத்தில் ஒரு போர்டு, அதில் ஏடிமெகா32யு4 என்ற சிப், நேரடியாக யுஎஸ்பி பேசும். எனக்கு 450 ரூபாய் ஆனது. வாங்கும்போது 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் வகை என்று கேட்டு வாங்குங்கள், 3.3 வோல்ட் வகையும் அச்சு அசலாக இதே தோற்றத்தில் இருக்கும். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற இன்னொரு குட்டி போர்டை வைத்தும் செய்யலாம், ஆனால் அதன் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்காது, நடுவில் வோல்டேஜ் மாற்றும் சர்க்யூட் வேண்டும். முதல் தடவையே அந்தத் தலைவலி எதற்கு?

சாலிடர் செய்ய வேண்டியது நான்கே வயர்: 5 வோல்ட், கிரவுண்டு, கிளாக் (நேரம் காட்டும் சிக்னல்), டேட்டா. பெரிய ஐந்து பின் பிளக்கில் பின் எண் 1 கிளாக், 2 டேட்டா, 4 கிரவுண்டு, 5 மின்சாரம். சின்ன பிஎஸ்/2 பிளக்கில் 1 டேட்டா, 3 கிரவுண்டு, 4 மின்சாரம், 5 கிளாக். நிறத்தை நம்பாதீர்கள், என் கேபிளில் சிவப்பு வயர் கிளாக்காக இருந்தது. எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று மல்டிமீட்டரில் ‘பீப்’ வைத்துப் பார்த்த பிறகே சூடு வையுங்கள். சில கீபோர்டுகளுக்கு கிளாக், டேட்டா இரண்டிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால்தான் ஒழுங்காக வரும்.

அந்தப் போர்டில் ஏற்ற வேண்டிய மென்பொருளுக்கு சோரர் கன்வர்ட்டர் அல்லது டிஎம்கே. இரண்டும் இலவசம். சோரரின் பெரிய வசதி, எக்ஸ்டியா ஏடியா என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் மூல நிரல் திறந்ததல்ல. உள்ளே கைவைத்து மாற்ற நினைப்பவர்களுக்கு டிஎம்கே சரி. போர்டில் ஏற்றும்போது ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் சட்டென்று இரண்டு முறை தொடவைக்க வேண்டும், அதன்பின் சுமார் எட்டு விநாடிதான் அவகாசம். முதல் மூன்று முறை எனக்குக் கை நடுங்கி நேரம் போய்விட்டது.

பலன்? ‘அக்கா’ அக்காவாகவே வருகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. மாடல் எம்மில் 101 விசைகள், விண்டோஸ் விசை கிடையாது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற விண்டோஸும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்திப் பழகியவனுக்கு அது ஒரு கை ஒடிந்த மாதிரி. கன்வர்ட்டரில் கேப்ஸ் லாக்கை விண்டோஸ் விசையாக மாற்றிவிட்டேன். மாற்றம் அந்தக் குட்டிப் போர்டுக்குள்ளேயே இருப்பதால் எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் கூடவே வருகிறது. மற்ற மூன்று வழிகளிலும் ஒவ்வொரு மெஷினிலும் தனியாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தப் பெயரில்லாக் கீபோர்டும் எழுந்துவிட்டது. மதர்போர்டில் ஏன் ஊமையாக இருந்தது என்று கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச், ஒருபக்கம் எக்ஸ்டி, மறுபக்கம் ஏடி. யாரோ எப்போதோ எக்ஸ்டியில் விட்டிருக்கிறார்கள். சோரர் எதையும் கேட்காமல் அதையும் படித்தது. ஸ்விட்சை நான் தொடவில்லை.