டூப்ளிகேட் விழுந்தால் என்ன கிடைக்கும்? நான்கு கார்டு ஆட்டங்களின் கணக்கு

புதிதாக ஒரு கார்டு கேமை போனில் இறக்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதுல லெஜண்டரி எத்தனை பேக்குக்கு ஒண்ணு விழும்?" லெஜண்டரி என்றால் மிக அரிய கார்டு, பேக் என்றால் கார்டுகள் அடைத்த பொட்டலம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பிமார் என்னிடமும் இதைத்தான் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. ஏற்கெனவே கையில் இருக்கிற கார்டு மறுபடி விழுந்தால் அந்த ஆட்டம் பதிலுக்கு என்ன தரும்? அரிய கார்டு எப்போதாவது வரும். டூப்ளிகேட் தினசரி வரும். தினசரி வருவதை எதற்கு மாற்றலாம், எவ்வளவுக்கு மாற்றலாம் என்று தெரிந்தால்தான் அரிய கார்டின் நிஜ விலை பிடிபடும்.

காலையில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரயிலில் 'இருபத்தெட்டு' என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 32 சீட்டு, அதில் ஜாக்கி நான்கு, ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. யார் எவ்வளவு சம்பளக்காரராக இருந்தாலும் ஐந்தாவது ஜாக்கியைக் காசு கொடுத்து இறக்க முடியாது. அதே பெட்டியில் ஜன்னலோரம் போனைத் தடவிக்கொண்டிருக்கும் பையனின் ஆட்டத்தில் அப்படி ஒரு வரம்பே கிடையாது. அந்தக் கார்டை அச்சடிக்கச் செலவில்லை, கோடிப் படி எடுக்கலாம். அது அரிது என்றால், எங்கோ ஒரு சர்வரில் யாரோ ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணை வெளியில் சொல்லியாக வேண்டும் என்ற சீனாவின் விதி நடைமுறைக்கு வந்தது 2017 மே மாதம். ஆப்பிளும் அந்த ஆண்டு டிசம்பரில் தன் கடையில் அதையே கட்டாயமாக்கியது. அதனால் இப்போது பெரும்பாலான ஆட்டங்களில் சதவீதப் பட்டியல் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். திறந்து பார்க்கிறவர்கள்தான் குறைவு.

சரி, கணக்குக்கு வருவோம்.

பிளிஸார்டின் ஹார்த்ஸ்டோன் 2014-இல் வந்தது. வழி ரொம்ப நேரடி: வேண்டாத கார்டை உடை, டஸ்ட் வாங்கு, வேண்டிய கார்டைச் செய். ஒரு பேக்கில் 5 கார்டு, அதில் ஒன்றாவது ரேர் அல்லது அதற்கு மேல். காமனை உடைத்தால் 5 டஸ்ட், செய்ய 40. ரேர் 20, செய்ய 100. எபிக் 100, செய்ய 400. லெஜண்டரி 400, செய்ய 1600. இதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். லெஜண்டரியை உடைத்தால் செய்யும் விலையில் கால்வாசி திரும்புகிறது. ரேருக்கு ஐந்தில் ஒன்று. காமனுக்கு எட்டில் ஒன்றுதான். நம் கையில் மிகுதியாகக் குவிவது காமன். அதற்குத்தான் மிக மோசமான விலை.

ஒரு பேக் எவ்வளவு மோசமாக இருந்தாலும் நான்கு காமனும் ஒரு ரேரும் இருக்கும். எல்லாவற்றையும் உடைத்தால் 40 டஸ்ட். 1600 சேர 40 பேக். இன்னொரு பக்கம், 40 பேக்குக்குள் ஒரு லெஜண்டரி கட்டாயம் விழும் என்ற ஏற்பாடும் இந்த ஆட்டத்தில் உண்டு. ஆக அதிர்ஷ்டமே இல்லாதவன் 40 பேக் திறந்தால் ஒன்று தானாக வரும், இன்னொன்றை டஸ்ட்டில் செய்துகொள்ளலாம். கஞ்சத்தனமான கணக்குதான், ஆனாலும் தரை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. எனக்கு அது பெரிய விஷயம். புதிய கார்டுத் தொகுப்பு வந்ததும் முதல் 10 பேக்குக்குள் ஒரு லெஜண்டரி நிச்சயம் என்பதால், காசில்லாதவன் ஒவ்வொரு தொகுப்பிலும் பத்து பேக் மட்டும் திறந்துவிட்டு ஆட்டத்துக்குள் கிடைக்கும் மிச்சத் தங்கத்தைச் சேர்த்து வைப்பான். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஆரம்பத்தில் இங்கே டூப்ளிகேட் லெஜண்டரி சாதாரணமாக விழும். கார்டுகள் கவிழ்ந்து கிடக்கும்போதே ஒன்றின்மேல் விரல் வைத்தால் ஆரஞ்சு ஒளி தெரியும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், திருப்பினால் ஏற்கெனவே இருக்கிற அதே முகம். 2017-இல் லெஜண்டரிக்கு இதை நிறுத்தினார்கள். 2020-இல் எல்லாத் தரத்துக்கும் நீட்டினார்கள். இப்போது ஒரு தொகுப்பில் அந்தத் தரத்துக் கார்டுகள் எல்லாம் சேரும்வரை தேவைக்கு மேல் ஒன்று வராது. உடைத்துவிட்ட கார்டும் 'இருந்தது' என்றே கணக்கில் நிற்கும் என்பதால், உடைப்பதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அவசரமும் வேண்டாம். பலம் குறைக்கப்பட்ட கார்டுக்குக் கொஞ்ச நாள் முழு டஸ்ட்டும் திருப்பித் தருவார்கள். எல்லோரும் ஒரே கார்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களா? அதை உடைக்காமல் வைத்திருங்கள்.

மேஜிக் அரீனாவில் உடைப்பது என்ற பேச்சே இல்லை. அங்கே பதில், வைல்ட்கார்டு. ஒரு ரேர் வைல்ட்கார்டு கொடுத்தால் உங்களுக்குப் பிடித்த எந்த ரேரும் உங்களுடையது, ஒன்றுக்கு ஒன்று, தள்ளுபடி இல்லை, கழிவு இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இந்த ஆட்டத்தில் ஒரே கார்டை நான்கு வரை வைக்கலாம் என்பதில்தான் சிக்கல். கடையில் வாங்கும் பேக்கில் ஆறு திறந்தால் ஒரு வைல்ட்கார்டு. நான்கு முறை ரேர், ஐந்தாம் முறை அதைவிட அரிதான மித்திக். அதாவது 30 பேக்குக்கு நான்கு ரேர், ஒரு மித்திக். பேக்குக்குள்ளேயே எப்போதாவது விழுவது தனி. ஆக 24 பேக் திறந்து சேர்த்தது ஒரே ஒரு ரேரின் நான்கு படிக்குச் சரி. இரண்டு நிறக் கார்டுகளைக் கலந்து ஆடுகிறவனுக்கு, அவற்றை இறக்கத் தேவையான இரு நிறச் சக்தியும் தரும் நல்ல நிலக் கார்டுகளே ரேர். வீடு கட்டக் கிளம்பியவன் கையிருப்பையெல்லாம் அஸ்திவாரத்திலேயே போட்டு முடித்த கதை.

டூப்ளிகேட்டுக்கு அரீனா தரும் விலை இருக்கிறதே, அதுதான் எனக்கு எரிச்சல். ஐந்தாவது காமன் வந்தால் 'வால்ட்' என்ற பெட்டி 0.1 சதவீதம் நிரம்பும், அன்காமனுக்கு 0.3. ஒரு பேக்கில் ஐந்து காமன், இரண்டு அன்காமன். ஏழுமே டூப்ளிகேட் என்றாலும் 1.1 சதவீதம். பெட்டி திறக்க 90 பேக்குக்கு மேல். திறந்தால் ஒரு மித்திக், இரண்டு ரேர், மூன்று அன்காமன் வைல்ட்கார்டுகள். ரேரில் ஐந்தாவது படி வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகுப்பின் ரேர் முழுவதும் சேர்ந்த பிறகு வந்தால் 20 ஜெம் (ஆட்டத்துக்குள் செல்லும் காசு), மித்திக்குக்கு 40. ஒரு பேக் 200 ஜெம் என்பதால் பத்து ரேருக்கு ஒரு பேக். அந்த நிலைக்கு வருகிறவர்களுக்கு அதற்குள் பேக்கே தேவைப்படாது. அரீனாவில் நல்ல வழி ஒன்று உண்டென்றால் அது டிராஃப்ட்தான், அதாவது பேக்குகளிலிருந்து ஒவ்வொரு கார்டாக எடுத்து அங்கேயே கட்டு அமைத்து ஆடும் போட்டி. ஆடத் தெரிந்தால் எடுத்த கார்டுகளும் கையோடு நிற்கும், பரிசாக ஜெம்மும் வரும். புதியவனுக்கு அந்த யோசனை சொல்வது, நீச்சல் தெரியாதவனைக் கடலில் இறக்கிவிடுவதற்குச் சமம் என்று சிலர் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

போகிமான் டிசிஜி பாக்கெட் 2024 அக்டோபர் 30-இல் வந்தது. இப்போது நம் பக்கத்தில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். 12 மணி நேரத்துக்கு ஒரு பேக் இலவசம், பேக்கின் மேல் விளிம்பை விரலால் கிழிக்கிற அந்த நொடியை அழகாகச் செய்திருக்கிறார்கள். குழித்துறையில் இருக்கும் என் சித்தி மகன் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே ஒன்று கிழித்துவிடுவான், எங்கள் பேச்சில் பொளித்துவிடுவான்.

"அண்ணே, பொளிச்சா கேட்டர்பி, பொளிச்சா கேட்டர்பி. ஒண்ணுக்கும் கொள்ளாது."

"பாயிண்ட் சேருதுல்லா மக்கா?"

"சேருது சேருது. அது சேரதுக்குள்ள அடுத்த செட்டு வந்துருது."

கேட்டர்பி அங்கே சாதாரணமாக விழும் புழுக் கார்டு. அவன் புலம்பலில் கணக்கு சரியாக இருக்கிறது. ஒரு பேக் திறந்தால் 5 பாயிண்ட், அதைச் சேர்த்துக் கொடுத்து வேண்டிய கார்டை வாங்கலாம். ஆடத் தேவையான, 'இஎக்ஸ்' என்ற பலமான வகையில் சாதாரணக் கார்டு ஒன்றுக்கு 500 பாயிண்ட். அதாவது 100 பேக். இலவசப் பேக்கை மட்டும் நம்பினால் 50 நாள். 20 கார்டு கொண்ட டெக்கில் அதை இரண்டாக வைக்க வேண்டுமென்றால் 100 நாள். மிக அரிதான, கிரீடம் போட்ட கார்டுக்கு 2500 பாயிண்ட், 250 நாள். இந்தப் பாயிண்ட் ஒரு தொகுப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது. 2025-இல் ஜனவரி கடைசி, பிப்ரவரி கடைசி, மார்ச் கடைசி என்று மூன்று தொகுப்புகள் வரிசையாக இறங்கின. இந்த வேகத்தில் பாயிண்டை நம்பி யாரும் எதையும் முடிக்க முடியாது. கிரீடக் கார்டு தானாக விழும் வாய்ப்பு சாதாரணப் பேக்கின் ஐந்தாவது கார்டில் 0.16 சதவீதம், நான்காவதில் 0.04, முதல் மூன்றில் வரவே வராது.

அப்புறம் டூப்ளிகேட். இங்கே உடைத்து வேறொன்று செய்ய வழியில்லை. ஷைன்டஸ்ட் என்ற தூளைச் சேர்த்து, டூப்ளிகேட்டைக் கரைத்து, அதே கார்டுக்கு மினுமினுப்பு ஏற்றலாம். ஆட்டத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை. 2025 ஜனவரியில் நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்ளும் வசதி வந்தபோது எல்லோரும் குதித்தார்கள். அதற்கு டோக்கன் வேண்டும், டோக்கனுக்கு வேறு நல்ல கார்டுகளைக் காவு கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் திட்டித் தீர்த்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் டோக்கனை எடுத்துவிட்டு ஷைன்டஸ்ட் போதும் என்றாக்கினார்கள். இருக்கிற கார்டே மறுபடி வரும்போது ஷைன்டஸ்ட் தானாகச் சேர்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் பாக்கெட் பற்றிய என் அபிப்பிராயமே மாறியது. ஒரே தரத்துக் கார்டுக்கு ஒரே தரம்தான் மாற்றலாம் என்றாலும், கல்லூரியில் கூட ஆடுகிற நாலைந்து பேர் இருந்தால் ஒருவனின் குப்பை இன்னொருவனுக்கு முழு விலைக்குப் போகும். ஹார்த்ஸ்டோனில் கால்வாசி விலைக்கு உடைப்பதைவிட இது எவ்வளவோ மேல். கூட்டாளி இல்லாதவனுக்கு இந்த ஆட்டம் வெறும் ஆல்பம்.

நான்காவது, சூப்பர்செல்லின் கிளாஷ் ராயல், 2016. இதை நீட்ட வேண்டியதில்லை. அங்கே டூப்ளிகேட்டுக்காகத்தான் எல்லோரும் ஏங்குவார்கள். அதே கார்டு இன்னும் பல வந்தால் லெவல் ஏற்றலாம், கூடவே தங்கமும் வேண்டும். வீணாகப் போனது என்ற கசப்பு வராது. பதிலுக்குப் பசி அடங்கவே அடங்காது. கார்டு இருக்கிறதா என்று கேட்ட இடத்தில் எத்தனை இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறோம். எதிரியின் கார்டும் உங்கள் கார்டும் ஒன்றே, அவனுடையது ஒரு லெவல் கூட என்பதற்காகத் தோற்பதில் எனக்கு ருசியில்லை. கிளான் என்ற ஆட்டக் குழுவில் கேட்டு வாங்கலாம் என்பது ஒரு ஆறுதல்.

இவை தவிர இரண்டு வழிகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. டூப்ளிகேட்டைக் காசுக்கே விற்கவிட்டால் என்ன? வால்வ் 2018 நவம்பரில் 'ஆர்ட்டிஃபேக்ட்' கொண்டுவந்தது. அரீனாவுக்கு மூலமான மேஜிக் சீட்டாட்டத்தை 1993-இல் உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டுதான் வடிவமைப்பு. ஆட்டத்துக்கே 20 டாலர், பேக்குக்கு 2 டாலர், கார்டைச் சந்தையில் விற்கலாம் வாங்கலாம். ஆள் குறையக் குறையக் கார்டு விலையும் இறங்கியது. 2021 மார்ச்சில் மேற்கொண்டு உருவாக்குவதை நிறுத்தி, இலவசமாக விட்டுவிட்டார்கள். இன்னொன்று, கை தாராளமாக இருந்தால்? ரயட்டின் 'லெஜண்ட்ஸ் ஆஃப் ரூனெட்டெரா', 2020. வாரப் பெட்டி, வைல்ட்கார்டு, கார்டு வாங்க உதவும் ஷார்டு என்று அள்ளிக் கொடுத்தது. மிக உயர்ந்த தரமான சாம்பியன் கார்டுக்கு 3000 ஷார்டு, ஒழுங்காக ஆடினால் எட்டிவிடும் தூரம். ஆடியவர்கள் கொண்டாடினார்கள், வருமானம் வரவில்லை. 2024 ஜனவரியில் ரயட் 530 பேர் அளவுக்கு ஆட்குறைப்பு செய்தபோது இந்த ஆட்டத்தின் குழுவும் சுருங்கியது. தட்டுப்பாட்டைத் திட்டும்போது இதையும் நினைத்துக்கொள்வேன். பிடிக்கிறதோ இல்லையோ, ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் அந்தத் தட்டுப்பாட்டில்தான் வருகிறது.

எதை எடுப்பது? தனியாக ஆடுகிறவன், காசு போட மாட்டேன் என்பவன், ஹார்த்ஸ்டோன். ஒரே ஒரு டெக்கைத் தேர்ந்தெடுத்து வருடம் முழுவதும் அதிலேயே நிற்கும் பொறுமைசாலிக்கு அரீனா. நிறம் நிறமாக மாற்ற ஆசைப்பட்டால் வேண்டாம். கூட நாலு பேர் இருந்தால் பாக்கெட், அதுவும் ஆளுக்கு வேறு வேறு பேக்கைத் திறப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால். கிளாஷ் ராயலைக் கார்டு சேர்ப்பதற்காக என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆட்டம் பிடித்தால் ஆடுங்கள்.

காசு போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு ஒன்று: புதிய தொகுப்பின் முதல் வாரத்தில் போடுங்கள். டூப்ளிகேட் தடுப்பு இருக்கும் ஆட்டங்களில் கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் விழுவதெல்லாம் புதிது. பாதிக்கு மேல் சேர்ந்தபின் வாங்கும் பேக்கில் காமன்கள் 5 டஸ்ட்டாகவும் 0.1 சதவீதமாகவும் உதிர ஆரம்பித்துவிடும்.