16 எம்எம் லென்ஸ்: படம் அருமை, வளையம் அராஜகம்

இந்த அகலக் கோண லென்ஸின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஷார்ப்னஸ், எடை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு ஆத்திரம், எந்தத் தூரம் தெளிவாக விழ வேண்டும் என்று சுற்றி வைக்கும் அந்த ஃபோகஸ் வளையத்தின் மேல்தான்.

சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்ஃபினிட்டியில், அதாவது கண்ணுக்கெட்டிய தூரத்தில், நிற்காது; எத்தனை மீட்டர் என்று காட்டும் தூரக் கோடும் கிடையாது. பழைய மேனுவல் லென்ஸில் இன்ஃபினிட்டி குறியை லென்ஸில் பொறித்திருக்கும் 11 என்ற துவார எண்ணுக்கு நேரே வைத்தால் பக்கத்திலிருந்து தூரம் வரை தெளிவு, வேலை முடிந்தது. இதில் வெளிச்சத்துக்குக் காத்திருக்கும்போது பேட்டரி மிச்சமாகட்டும் என்று கேமராவை அணைத்தால், வைத்த ஃபோகஸும் போய்விடும். தேயிலைத் தோட்டம் நிறைந்த கொழுக்குமலையில் விடியலுக்கு முன்னால், குளிரில் விறைத்த விரலோடு இதைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள், தெரியும்.

சரி, பக்கமும் தூரமும் சேர்ந்து தெளிவாக வர எங்கே ஃபோகஸ் வைப்பது? ஃபோகஸ் தூர அட்டவணைப்படி ஃபுல் ஃப்ரேமில் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சாரில்) எஃப்/8 துவாரத்துக்கு (எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும், தெளிவாகும் ஆழம் கூடும்) ஒரு மீட்டர் சொச்சத்தில் வைத்தால் அரை மீட்டரிலிருந்து எல்லாம் தெளிவு. அது சென்சாரில் ஒரு புள்ளி 0.03 மில்லிமீட்டர் வரை பரவும் மங்கலைப் பொறுத்துக்கொள்ளும் பழைய பிரிண்ட் காலத்துக் கணக்கு. 24 மெகாபிக்சல் படத்தைத் திரையில் முழுசாகப் பெரிதாக்கினால் தூரத்து மலை கொழகொழவென்று இருக்கும். நான் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கல்லில் டார்ச் அடித்து, ஆட்டோஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுவேன். மாற்ற லென்ஸில் ஒரு சுவிட்ச் கூட இல்லை, மெனுவுக்குள்தான் போக வேண்டும்!

ஆனால் தேயிலைச் செடி முகத்துக்கு முன்னால் அரை மீட்டரில் நின்றால் எஃப்/8 போதாது. பக்கத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்து ஒட்டலாம் என்றால் காற்றில் இலை ஆடும், ஒட்டிய இடம் பல்லிளிக்கும். அப்போது எஃப்/16 வைத்து, ஃபோகஸைச் சுமார் ஒரு மீட்டருக்கு இழுத்துக்கொள்வேன். டிஃப்ராக்‌ஷனால் (சிறு துவாரத்தில் ஒளி விலகிப் பரவுவதால்) படம் மொத்தமும் லேசாக மழுங்கும்தான், அதை ஷார்ப்பனிங்கில் ஓரளவு மீட்டுவிடலாம். எஃப்/22 பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

அதே எஃப்/16-ல் மலை விளிம்பில் சூரியன் எட்டிப் பார்க்கும்போது, துவாரத்தின் ஏழு பிளேடுக்குப் பதினான்கு கதிர், ஒவ்வொன்றும் ஊசி ஊசியாக. இதற்காக எத்தனை முறை மன்னித்திருக்கிறேன்!

வாங்கலாமா என்றால், வேண்டாம். தூரக் கோடு போட்ட பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அப்புறம், என்னுடையதை விலைக்குக் கேட்காதீர்கள், தர மாட்டேன்.