ரோல்ஸ்-ராய்ஸா, ஆஸ்டினா? உள்நாட்டுப் போர்க் கவசக் கார் மாதிரிகள்

1/35 அளவில் ரோல்ஸ்-ராய்ஸ், ஆஸ்டின் கவசக் கார் மாதிரிகள் இரண்டும் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீளம்தான். ஆனால் கட்டி முடிக்கும் அனுபவம் இரண்டுக்கும் ஒன்றல்ல.

அயர்லாந்தின் உள்நாட்டுப் போரை எடுத்துக்கொண்டால் முதலில் நினைவுக்கு வருவது ரோல்ஸ்-ராய்ஸ். 1922இல் பிரிட்டன் அயர்லாந்துச் சுதந்திர அரசின் படைக்குக் கொடுத்த 13 கார்களில் ஒன்று ‘ஸ்லீவ் நா மான்’. அந்த ஆகஸ்ட் 22 அன்று அந்தப் படையின் தலைவர் மைக்கேல் காலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருடைய வாகன வரிசையில் வந்தது இதுதான். டிசம்பரில் அதன் துப்பாக்கி வீரரே அதை எதிர்த்தரப்பிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். மீட்கப்பட்ட அந்தக் கார் இன்றும் அயர்லாந்து ராணுவத்திடம் பத்திரமாக இருக்கிறது. மாதிரி செய்பவருக்கு இது பெரிய வரம்: எந்தத் தகடு எங்கே பொருந்துகிறது என்ற சந்தேகத்துக்குப் புகைப்படத்தைப் பார்த்தே விடை காணலாம்.

மெங் நிறுவனத்தின் கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி) 1914, 1920 ஆகிய இரு வடிவங்களின் பெயரையும் தாங்கி வருகிறது. அயர்லாந்துக்கு வேண்டியது 1920 வடிவம். கம்பிச் சக்கரத்துக்குப் பதிலாகத் தகட்டுச் சக்கரம் என்பதால் தூரிகைக்கும் வேலை எளிது. துப்பாக்கி பொருத்திய கோபுரமும் ஒன்றே ஒன்றுதான்.

ஆஸ்டின் வேறு ரகம். ரஷ்ய உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளின் செம்படையும் அவர்களை எதிர்த்த வெண்படையும் உக்ரைன் படையும் ஓட்டிய கார் அது. ஒரே வண்டியை எந்தக் கொடியின்கீழ் நிறுத்துவது என்று நாமே தீர்மானிக்கலாம். பக்கவாட்டுத் தகட்டில் சிரிலிக் எழுத்தில் பெயரை எழுதும் வேலையில் எனக்கு அலாதிப் பிரியம்.

மினிஆர்ட் நிறுவனம் தரும் ஆஸ்டின் கிட்டில் உள்ளறையும் முழுதாக உண்டு: இருக்கை, ஸ்டியரிங், பின்னோக்கி ஓட்டுவதற்கென்று தனி ஓட்டுநர் இடம். இரட்டைக் கோபுரம் என்பதால் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியும் இரண்டு. சிறு பாகங்கள் ஏராளம். சட்டத்திலிருந்து பாகத்தைக் கட்டரால் வெட்டிய தடத்தை ஒவ்வொன்றிலும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கூரையை ஒட்டுவதற்கு முன்பே உள்ளே வெள்ளை அடித்து, மெல்லிய பழுப்புக் கறையை ஓட விட வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே கை நுழையாது. அவசரத்தில் நான் ஒருமுறை முதலில் ஒட்டிவிட்டு, கதவு வழியாகத் தூரிகையை நுழைக்கப் பார்த்து ஒரு மூலையைப் பாழாக்கினேன். கதவைத் திறந்து வைக்க மனமில்லாதவர்கள் இந்த உழைப்பைச் செலவிட வேண்டாம். பார்ப்பவர் கண்ணில் எதுவும் படாது.

முதல் கவசக் கார் என்றால் நான் ரோல்ஸ்-ராய்ஸையே சொல்வேன். தகடுகளின் மேல் வரிசையாகத் துருத்தி நிற்கும் ஆணித் தலைகளில் நீர்த்த எண்ணெய் வண்ணத்தை ஒரு சொட்டு விட்டால், அது தானாகவே ஆணியைச் சுற்றி வளையமாகத் தங்கும். அந்தத் தட்டையான உடலில் இது கொடுக்கும் உயிர் வேறெதிலும் கிடைக்காது. இரண்டாவதாக ஆஸ்டினை எடுங்கள்.

அதே ரஷ்யப் போரில் ஓடிய கார்ஃபோர்ட்-புட்டிலோவ் கவச வண்டிக்கு ஆசைப்படுபவர்களும் உண்டு. அமெரிக்க லாரியின் மேல் 76 மில்லிமீட்டர் பீரங்கி ஏற்றிய அந்தப் பெரிய உருவத்துக்கு அலமாரியில் தனி இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். பீரங்கி பின்புறம்தான் இருக்கிறது. எதிரியை நோக்கிப் பின்புறமாகவே போய்ச் சுட்ட வண்டி அது. போர்க்களக் காட்சியாக அமைப்பவர்கள் அதை அப்படித்தான் நிறுத்த வேண்டும்.