"செடி தூங்குது" என்று சொல்லியே ரூ.6,850 போச்சு – வீட்டுச்செடி வாங்குபவர்கள் கவனம்

ஆன்லைனில் செடி விற்கும் பக்கம் ஒன்றில் ரூ.6,850 போய்விட்டது. நேற்று ராத்திரிதான் நம்பரை பிளாக் செய்தார்கள். சூடு ஆறும் முன்னே எழுதுகிறேன். மார்கழியில் வீட்டுக்குள் வைக்கச் செடி தேடும் நம்ம குமரி மாவட்டத்துக்காரர்கள் முழுசாகப் படியுங்கள், பராமரிப்பும் கடைசியில் சொல்கிறேன்.

சிவப்பு அக்லோனிமா இரண்டு 1,900, மான்ஸ்டெரா 1,400, ஃபிடில் லீஃப் 1,250, சூடு தரும் மேட்டும் டானிக்கும் சேர்ந்த 'வின்டர் கிட்' 1,700, கொரியர் 600. மொத்தம் ரூ.6,850.

நம்பியது வீடியோ காலில். நான் கேட்காமலேயே விற்பவர் செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று திடமான வேர். வேரையே காட்டுகிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? "தமிழ்நாட்டு நர்சரிதான் அண்ணா, மூணு நாள்ல நாகர்கோவில் வந்திரும், முப்பது நாள் கேரண்டி" என்றார். அந்த நிமிஷமே முழுப் பணமும் அனுப்பியாச்சு.

பெட்டி வந்தது ஒன்பதாம் நாள். ஒட்டியிருந்த சீட்டில் வடநாட்டு ஊர். அக்லோனிமா இலைகளில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி கருந்திட்டுகள். அது குளிர் தாக்கிய அடையாளம். 15 டிகிரிக்குக் கீழே அந்தச் செடி தாங்காது, சேதம் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். நாகர்கோவிலில் மார்கழி ராத்திரியிலும் 20-க்குக் கீழே போவது அபூர்வம். ஆக, அடி வாங்கியது வரும் வழியில். மான்ஸ்டெராவின் வேரை நாற்றுக்குப் போடும் வலைப்பை அப்படியே இறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) சொதசொதவென்று, வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நார் மட்டும் கையில் வந்தது.

படம் அனுப்பினால் "கொரியர் ஷாக், ஒரு வாரம் விடுங்க". ஒரு வாரம் கழித்து "குளிர்காலத்துல செடி தூங்குது அண்ணா, மேட் மேல வச்சு தினம் தண்ணி ஊத்துங்க". இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இவை வெப்பமண்டலச் செடிகள், இலையை அழுகவிட்டுத் தூங்குகிற வழக்கம் இவற்றுக்குக் கிடையாது. வெளிச்சம் குறைந்தால் வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான். அழுகும் வேருக்கு அடியில் சூடும் மேலே தண்ணீரும் கொடுத்தால் அழுகல் இன்னும் வேகமாக ஏறும். தூக்கம் என்று சொன்னதெல்லாம் நாளைக் கடத்தத்தான். திரும்பக் கேட்டபோது "கேரண்டி முடிஞ்சிருச்சே" என்றார்கள். முப்பது நாளை பெட்டி வந்த நாளிலிருந்து எண்ணவில்லை, பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள்! கடைசியில் "தண்ணி அதிகம் ஊத்துனது உங்க தப்பு". ஊற்றச் சொன்னது யார்? கேட்டதும் பிளாக். ரூ.6,850!

விரிவாகப் பராமரிப்பு எழுத இப்போது மனசு இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: நம்ம ஊருக்கு மேட் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் மண் லேசில் காயாது, விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மழை விடும்வரை உரம் கூடாது. வலைப்பை இருந்தால் அன்றைக்கே வெட்டி எடுங்கள். மான்ஸ்டெரா அழுகினால் திடமான தண்டில் ஒரு கணுவாவது சேர்த்து வெட்டித் தண்ணீரில் வையுங்கள், பிழைக்க வாய்ப்புண்டு.

பெட்டி பிரிப்பதை நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். கேரண்டி எந்த நாளிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணமும் முன்னாடியே கட்டாதீர்கள். நுகர்வோர் புகாருக்கு 1915, பண மோசடி என்றால் உடனே 1930.

1915-ல் புகார் கொடுத்தாச்சு. இன்னொரு நம்பரிலிருந்து பார்த்தால், அதே வெள்ளை வேரைக் காட்டும் வீடியோ இன்று காலையும் அந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.